பொறி உலகம்: முதல் இருபது நிமிடம்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் கரக்பூர் ரயில்வே பணிமனையில் நெடுங்காலம் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரிகின்றார். அப்பிள்ளை ஒரு பழைய காரை வாங்கி, அதற்குரிய எஞ்சினைத் தம் கையாலேயே கட்டத் தொடங்கினார். "ஊருக்கு வந்து போகும் பணத்தை இரும்பில் கொட்டுகின்றானே!" என்று தாயார் வருந்தினார். தந்தையாரோ அந்த எஞ்சினைப் பற்றி நம்மிடம் பேசாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. நாம் அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கின்றோம். பத்தாம் வகுப்புக்கு மேல் பயின்றோமல்லோம். ஆயினும் பெரியவரிடம் கேட்டறிந்தவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்வது பயன்தரும் என எண்ணுகின்றோம்.

அமெரிக்கர் 'மசில் கார்' என்று வழங்குவது, நடுத்தர அளவும் எளிய விலையும் உள்ள காரில் பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்திய வண்டியாகும். 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகைக்கு வழிகாட்டி. அதன் எஞ்சின் 389 கன அங்குலம், குதிரைத்திறன் 325. பின்னர்ப் புகைக் கட்டுப்பாடும், உயர்ந்துபோன காப்புறுதிக் கட்டணமும், 1973-இல் தோன்றிய எண்ணெய் நெருக்கடியும் அவ்வண்டிகளின் காலத்தை முடித்துவைத்தன. எனினும் அவற்றைத் தேடி வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வைத்துப் புதுப்பிப்போர் இன்றும் அந்நாட்டில் பலர்.

நம் பிள்ளைக்குக் கிடைத்தது செவர்லே நிறுவனத்தின் 350 கன அங்குல எஞ்சின். இது 1967-ஆம் ஆண்டு வண்டிகளில் முதன்முதல் வந்தது. சிலிண்டரின் குறுக்களவு 4 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 3.48 அங்குலம். இத்தகைய எஞ்சினின் வலிமையைப் பெருக்குவது எவ்வாறு?

எஞ்சினும் நம்மைப்போல் மூச்சு விடுவதுதான். மிகுதியான காற்றை உள்ளிழுத்து, அதற்கேற்ற பெட்ரோலை எரித்து, புகையைத் தடையின்றி வெளியேற்றினால் வலிமை கூடும். வால்வுகள் எப்போது திறக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்பதை வகுப்பது காம்ஷாப்ட் என்னும் தண்டு. பிள்ளை முதலில் மிகப் பெரிய காம்ஷாப்டையே வாங்க எண்ணினார். அது வேகமாகச் சுழலும்போது வலிமையைத் தரும். மெதுவாகச் சுழலும்போதோ எஞ்சினைத் திணறடிக்கும். கார்புரேட்டர், வால்வு, புகைக்குழாய் ஆகிய யாவும் அதற்கு இசைந்திருத்தல் வேண்டும். "விரலுக்குத் தகுந்த வீக்கம் போதுமடா" என்றார் தந்தை. மகனும் அளவில் இறங்கிவந்தார்.

கலவையை அழுத்துவதிலும் இதே நெறிதான். அழுத்தம் கூடினால் திறன் கூடும். மிதமிஞ்சினால் கலவை தானே வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும். மகன் 9.5-க்கு 1 என்ற விகிதத்தோடு நின்றார். பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே எண்ணெய் ஓட அவர் விட்ட இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதாவது தலைமயிரின் தடிப்பினும் குறைவு. அளப்பதும் கழற்றுவதும் மீண்டும் அளப்பதுமாக எட்டுத் திங்கள் கழிந்தன.

எஞ்சினை முதன்முதல் முடுக்கும் நாள் வந்தது. அங்கே மாலை, இங்கே விடியற்காலை. தொலைபேசித் திரையின் முன் பெரியவரும் அவர் மனைவியாரும் நாமும் அமர்ந்திருந்தோம். எஞ்சின் உயிர்பெற்றது. "அப்பா, கேளுங்கள்!" என்று பிள்ளை பூரித்தார். தந்தை அந்த ஒலியை நன்றாகக் கேட்கவேண்டுமென்று வேகத்தைக் குறைத்து, மெதுவாக ஓடவிட்டார். சிறிது நேரம் சென்றது. பெரியவரின் முகம் மாறிற்று. "டக் டக்கென்று ஒரு சத்தம் வருகிறது. டேய், நிறுத்து!" என்றார். அதற்குள் தீங்கு நேர்ந்துவிட்டது.

இவ்வகைப் பழைய எஞ்சினில் டாப்பெட்டின் அடிப்பாகம் காம்ஷாப்டின் மேட்டின்மீது நேராகவே உரசி ஓடும். புதிய பரப்புகள் இரண்டும் ஒன்றோடொன்று பழகும்வரை, ஏறத்தாழ இருபது நிமிடம், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்டவேண்டும். கிராங்க் தண்டு வேகமாகச் சுழன்று எண்ணெயை வாரி இறைத்தால்தான் அம்மேடுகள் நனையும். மெதுவாக ஓடினால் அவை காய்ந்து தேயும். துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த எண்ணெயும் வேண்டும். புகையைத் தூய்மையாக்கும் கருவியைப் பாஸ்பரஸ் கெடுப்பதால், இக்காலக் கார் எண்ணெய்களில் அக்கலவையைக் குறைத்துவிட்டனர். பிள்ளை எண்ணெயைத் தேர்ந்து ஊற்றினார், வேகத்தில் தவறினார். இரண்டு மேடுகள் தேய்ந்தன. தேய்ந்த இரும்புத் துகள் எண்ணெயோடு எங்கும் பரவிற்று. எஞ்சின் முழுவதையும் மீண்டும் பிரிக்க நேர்ந்தது. பொங்கலுக்கு ஊர்வர வைத்திருந்த விமானக் கட்டணம் அதற்கே சரியாயிற்று.

அன்று மகன் அழுததைக் கண்டோம். பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. "எனக்குக் காட்டவேண்டுமென்ற ஆசையில்தானே செய்தாய்? அடுத்த முறை எஞ்சினைப் பார், என்னைப் பார்க்காதே" என்றார். சினத்தைக் காட்டிலும் இச்சொல் நன்றாக வேலை செய்தது என்பது நம் எண்ணம். தொலைவில் வாழும் பிள்ளைகள் நம் கண்ணுக்கு நன்றாகத் தோன்றவேண்டுமென்று விரையும் விரைவில் எத்தனை காரியங்கள் தேய்ந்துபோகின்றன! "முடிந்ததா, முடிந்ததா?" என்று கேட்கும் நமக்கும் அதில் பங்குண்டு.

நான்கு திங்களுக்குப்பின் மறுபடியும் ஒரு விடியற்காலை. பிள்ளை தொலைபேசியைப் பலகைமேல் சாய்த்துவைத்துவிட்டு நம் பக்கம் திரும்பவே இல்லை. எஞ்சின் 2,000 சுற்றில் முழங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் கடிகாரத்தையே நோக்கியிருந்தார். தாயார் அடுக்களைக்குச் சென்றுவிட்டார். இருபது நிமிடம் கடந்ததும் ஒலி அடங்கிற்று.

"மறுபடியும் நின்றுபோயிற்றா?" என்று உள்ளிருந்து கலக்கத்தோடு ஒரு குரல் வந்தது.

"இல்லை; நிறுத்தினான்" என்றார் பெரியவர்.