குரலுக்கா கூலி?

முதலாளிக்கு ஏன் இத்தனை வருமானம் என்று கேட்டால் மூளைக்கு என்றார்கள், துணிச்சலுக்கு என்றார்கள், பூர்வ ஜென்மப் புண்ணியம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். இப்போது தொண்டைக்கு என்கிறார்கள்!

2013ல் அமெரிக்கப் பேராசிரியர்கள் மூவர், கம்பெனித் தலைமை நிர்வாகிகள் 792 பேரின் குரலை அளந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். குரல் வினாடிக்கு 22 அதிர்வு தாழ்ந்திருந்தால் ஆண்டுச் சம்பளம் 1,87,000 டாலர் கூடுதல், கம்பெனியும் பெரிது என்று கணக்கு வந்தது. கட்டைக் குரல்காரனைத் தலைவனாக ஏற்பது ஆதிமனிதன் காலந்தொட்டு ரத்தத்தில் ஊறியது என்பது பரிணாம மனோதத்துவக்காரர்களின் விளக்கம்.

நாம் டார்வினுக்கு விரோதிகள் அல்ல. துணை தேடும் போட்டியில்தான் ஆண் மயிலின் தோகை வளர்ந்தது என்று 1871லேயே அவர் எழுதினார். மீசை முளைக்கும் வயதில் பையனின் குரல் உடைவதும் உடம்பின் காரியமே. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்களில் கட்டைக் குரல் ஆண்களுக்குப் பிள்ளைகள் அதிகம் என்று 2007ல் ஓர் ஆராய்ச்சி கூறியது. இருக்கட்டும்! ஆனால் ஹட்ஸாக்களிடம் முதலாளி உண்டா? பெரிய மிருகம் விழுந்தால் கறி முகாமுக்கே பங்கு. அங்கே கட்டைக் குரல் பிள்ளையைக் கொடுத்தது. பிறன் உழைப்பைப் பறிக்கும் பாத்தியதையைக் கொடுக்கவில்லை. இந்த இடத்தில்தான் பண்டிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறார்கள்.

இப்படித் தாண்டுவது அவர்களுக்குப் புதிதல்ல. 1993ல் ஓர் அமெரிக்கப் பேராசிரியர், அழகிப் போட்டியில் வென்றவர்களின் அளவுகளைப் பார்த்து, இடுப்பு பத்துக்கு ஏழு பங்காய்ச் சிறுத்த பெண்ணையே ஆண் விரும்புவான், அது இயற்கை என்றார். பெரு நாட்டுக் காட்டில் ஒதுங்கி வாழும் மட்சிகெங்கா ஆண்களிடம் படங்களைக் காட்டியபோது அவர்கள் பருத்த இடுப்பையே தேர்ந்தார்கள். இது 1998ல் வெளியாயிற்று. வெளியுலகத் தொடர்பு மிகுந்த ஊர்க்காரர்களின் விருப்பமோ அமெரிக்காவின் பக்கம் சாய்ந்திருந்தது! ரத்தத்தில் ஊறியது சந்தை வந்ததும் மாறுமா? (அழகிப் போட்டியை நடத்துகிறவன் எவன் என்பது தனிக் கதை.)

கம்பெனிக்கு வருவோம். நிர்வாகியின் சம்பளத்தை நிர்ணயிப்பது டைரக்டர் கூட்டம். தங்களைப் போலப் பேசுகிறவனைத் தங்களுக்குப் பிடிக்கிறது என்றால் அது அவர்கள் வர்க்கத்தின் ருசி. ஆனால் அந்த 1,87,000 டாலர் எவன் தொண்டையிலிருந்தும் விழவில்லை. பட்டறையில் நிற்பவனின் வேலை நேரத்திலிருந்து கழிக்கப்பட்டது. தறிச் சத்தத்தில் கத்திக் கத்தியே குரல் கட்டையாகிப்போன மில் தொழிலாளிக்கு எந்த மானேஜர் ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தான்?

பிரிட்டனின் மார்கரெட் தாட்சர், 1979ல் பிரதமராகுமுன் வாத்தியார் வைத்துக் குரலைத் தாழ்த்திப் பழகியவர். இயற்கை கொடுத்ததை வாத்தியாரும் கொடுப்பார் போலும்! 1984ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கட்டைக் குரலைக் கேட்டு மயங்கி அவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை. ஏறத்தாழ ஓராண்டு பட்டினியோடு நின்றார்கள். அவர்கள்மேல் ஏவப்பட்டது குதிரைப் போலீஸ்.