படம் வேண்டாம், எல்லையைத் தாருங்கள்!

2025 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆந் திகதி வெளியான ஒரு வர்த்தமானி அறிவித்தல் வட மாகாணத்து உழவர் குடும்பங்களின் நித்திரையைக் கெடுத்தது. ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமையுடையோர் மூன்று மாதத்துக்குள் தம் உரிமையை நிலைநாட்ட வேண்டும், தவறின் அக்காணி அரசுடையதாகும் என்பதே அதன் சாரம். மக்கள் கொதித்தெழுந்தனர். யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அறிவித்தலும் மீளப்பெறப்பட்டது. வெற்றி என்று நாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் அந்த மூன்று மாதங்களிலும் கேட்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமலே போயிற்று.

வடமராட்சி கிழக்கிலே வாழும் ஓர் உழவன், தன் தோட்டக் காணி அந்த 5,940 ஏக்கருக்குள் அடங்குகிறதா, அடங்கவில்லையா என்று எவ்வாறு அறிந்துகொள்வான்? வர்த்தமானி சொற்களால் ஆனது. காணியோ சொல்லால் ஆனதன்று, எல்லையால் ஆனது. சொல்லை எல்லையாக மாற்றத் தெரிந்தவன் கந்தோரில் இருக்கிறான். காணியை இழக்கப் போகிறவன் வயலில் நிற்கிறான். இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரமே நம் காணிப் பிரச்சினையின் பாதி என்று நாம் துணிந்து கூறுவோம்.

இது இன்று நேற்றுத் தோன்றிய சூழ்ச்சியன்று. ஒல்லாந்தர் காலத்தில் தோம்பு எவர் கையில் இருந்ததோ, அவர் கையிலேயே வரியும் வழக்கும் இருந்தன. 1840 ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இயற்றிய முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உரிமையை நிரூபிக்காத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவென்று அனுமானித்தது. 1897 இல் தரிசு நிலச் சட்டம் வந்தது. 1931 இல் காணி நிருணயக் கட்டளைச் சட்டம் வந்தது. 2025 ஆம் ஆண்டின் அறிவித்தலும் அந்த 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிள்ளையே. இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே: அளந்தவன் அறிவான், அறியாதவன் நிரூபிக்க வேண்டும். அளவையின் பயனை அளப்பவனே வைத்துக்கொள்ளும் வரையில் இந்த அடிப்படை மாறப் போவதில்லை.

இந்நாட்டில் அளவை இல்லையா? தாராளமாக இருக்கிறது. நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 225 ஆண்டுகளுக்கு மேலாக இத்தீவை அளந்து வருகிறது. 1:50,000 அளவுத்திட்டத்தில் நாடு முழுவதும் 92 தாள்களில் வரையப்பட்டிருக்கிறது. இவை யார் பணத்தில் வரையப்பட்டன? வரி செலுத்திய மக்களின் பணத்திலன்றோ! அவ்வாறாயின், அந்த அளவையின் பயன் அம்மக்களுக்கு எட்டுவதற்கு எது தடை?

இங்கே ஓர் உத்தியோகத்தர் எழுந்து, “படங்களை இணையத்திலே இட்டிருக்கிறோமே, இன்னும் என்ன வேண்டும்?” என்பார். தேசிய இடஞ்சார் தரவு உட்கட்டமைப்பு என்ற பெயரில் அரசாங்கம் ஒரு முயற்சியைத் தொடங்கியிருப்பதும் உண்மையே. தொடங்கியதை நாம் வரவேற்கிறோம். ஆனால் படம் வேறு, தரவு வேறு. இந்த வேறுபாட்டை நம் மக்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். சுவரிலே தொங்கும் படத்தில் உம்முடைய வேலியை வைத்துப் பார்க்க முடியாது. தரவென்பது எல்லையின் ஒவ்வொரு மூலையையும் எண்களாகத் தருவது. அந்த எண்கள் கிடைத்தால், உமது உறுதியிலுள்ள நில அளவைப் படத்தை அதன்மேல் வைத்து, எத்தனை பரப்பு உள்ளே, எத்தனை பரப்பு வெளியே என்று ஒரு நாழிகையில் கணக்கிடலாம்.

இதற்கு உலகம் வழி கண்டு கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 1994 இல் அமைக்கப்பட்ட ஓப்பன் ஜியோஸ்பேஷியல் கன்சோர்ட்டியம் என்னும் பன்னாட்டு அமைப்பு, ஒரு கணினி இன்னொரு கணினியிடம் நிலத் தரவைக் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் பொது நியமங்களை வகுத்திருக்கிறது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த டபிள்யூ.எம்.எஸ். என்னும் நியமம், கேட்ட பகுதியின் படத்தைத் தரும். 2002 இல் வந்த டபிள்யூ.எஃப்.எஸ். என்னும் நியமம், படத்துக்குப் பதிலாக எல்லையையே எண்களாகத் தரும். 2019 இல் அதன் புதிய வடிவமான ஓ.ஜி.சி. ஏ.பி.ஐ. ஃபீச்சர்ஸ் வந்தது, சாதாரண இணைய முகவரியொன்றைத் தட்டினாற் போதும், எல்லை வந்து சேரும். இந்நியமங்களின் சிறப்பு யாதெனின், சேவையை நோக்கி “உன்னிடம் என்னென்ன படலங்கள் உண்டு?” என்று எவரும் கேட்கலாம், அது பட்டியலைச் சொல்லியே ஆக வேண்டும். கந்தோர் வாசலில் நின்று, “ஐயா, அந்தக் கோவை எங்கே?” என்று கெஞ்ச வேண்டிய நிலை அங்கே இல்லை.

பொது நியமம் என்பது வெறும் அலங்காரமன்று. ஒரு சிறு உதாரணம் கூறுவோம். யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.66 பாகையிலும் கிழக்கு நெட்டாங்கு 80.02 பாகையிலும் இருக்கிறது. எந்த எண்ணை முதலில் எழுதுவது என்ற ஒழுங்கை இரு கணினிகள் வெவ்வேறாகக் கொண்டால், யாழ்ப்பாணம் வட துருவத்தை அண்டிய ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே பனிக்கடலிற் போய் விழும்! இது கண்டு சிரிக்கலாம். ஆனால் இலங்கையின் பழைய கட்ட அமைப்பில் தொடக்க எண் 200,000 மீற்றர். 1999 ஆம் ஆண்டின் புதிய அமைப்பில் அது 500,000 மீற்றர். எந்த அமைப்பில் அளக்கப்பட்டதென்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதிவிட்டால், வாதாட வந்த உழவன் தன் காணியையே கண்டுபிடிக்க மாட்டான். எந்த அமைப்பு என்பதை ஒவ்வொரு தரவுடனும் சொல்லும்படி கட்டாயப்படுத்துவதே நியமத்தின் வேலை.

இனி, மறுப்போர் கூறும் நியாயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, தேசிய பாதுகாப்பு. அமெரிக்க அரசு லான்ட்சற் செய்மதிப் படங்களை 2008 இல் உலகுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. 2015 முதல் ஐரோப்பியச் செய்மதியான சென்ரினல்-2 பத்து மீற்றர் நுணுக்கத்தில் இத்தீவைப் படமெடுத்து இலவசமாக வழங்குகிறது. இவற்றை உலகின் எந்த மூலையிலிருப்பவரும் பார்க்கலாம். அந்நியர் வானிலிருந்து காணும் நிலத்தின் எல்லையை அந்நிலத்தின் சொந்தக்காரன் மட்டும் காணலாகாது என்பது எந்தப் பாதுகாப்பு? எவரும் முகாமின் உள்ளமைப்பைக் கேட்கவில்லை. வர்த்தமானியில் ஏற்கெனவே பகிரங்கமாக்கப்பட்ட எல்லையைப் பயன்படத்தக்க வடிவில் தரும்படியே கேட்கிறோம்.

இரண்டாவது, வருமானம். தரவை விற்று வரும் பணம் போய்விடும் என்கிறார்கள். லான்ட்சற் படங்கள் விலைக்கு விற்கப்பட்ட காலத்தில், 2001 ஆம் ஆண்டில் விற்பனையானவை ஏறத்தாழ 25,000. இலவசமாக்கிய பின்னர் மக்கள் பெற்றுக்கொண்டவை ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்தைத் தாண்டின. பூட்டி வைத்தவர்கள் சில்லறையைக் காத்தார்கள், பயனைத் தொலைத்தார்கள். பிரித்தானியாவிலும் நில அளவை நிறுவனம் 2010 ஏப்ரிலில் தன் தரவில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2007 இலேயே இதற்கென ஒரு பணிப்புரையை இயற்றி, உறுப்பு நாடுகள் தம் நிலத் தரவைப் பொது நியமப்படி வழங்கும் கடமையை விதித்தது.

மூன்றாவது, செலவும் ஆற்றலும். ஜியோசேர்வர், மப்சேர்வர் ஆகிய இரண்டும் இந்நியமங்களின்படி தரவை வழங்கும் மென்பொருள்கள். இரண்டும் இலவசம். பெற்ற தரவை வைத்துப் பார்ப்பதற்குரிய கியூஜிஸ் மென்பொருளும் இலவசம். இந்நாட்டவர்க்கு ஆற்றலில்லை என்பாருக்கு இரண்டு சான்றுகள் போதும். 2004 ஆழிப்பேரலையின் பின்னர் நிவாரணப் பணிக்காக ‘சஹானா’ என்னும் திறந்த மென்பொருளை ஆக்கி உலகுக்கு அளித்தவர்கள் இலங்கையரே. மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரதேசத்தில், அனர்த்த முகாமைத்துவ நிலையம் உலக வங்கியின் துணையுடன் நடத்திய பணியில், 30,000 க்கு மேற்பட்ட கட்டிடங்கள் ‘ஓப்பன் ஸ்ரீற் மப்’ என்னும் திறந்த வரைபடத்தில் இடப்பட்டன. வெள்ளத்துக்கு முடிந்தது காணிக்கு ஏன் முடியாது? முடியாததன்று, மனமில்லாததே.

அரசாங்கத்தை மட்டும் குறை கூறி நாம் ஓய்ந்துவிடலாகாது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் மக்கள் விரட்டப்பட்டார்கள். 2013 இல் வலிகாமத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. மணலாறு வெலிஓயாவானது. இவற்றைப் பற்றி நம் தலைவர்கள் மேடைதோறும் முழங்கினார்கள். ஆனால் எத்தனை ஏக்கர், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வினவினால், ஒருவர் ஒரு கணக்கும் மற்றவர் வேறொரு கணக்கும் சொல்கிறார்கள். 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிந்த வட மாகாண சபையாவது தன் காலத்தில் தன் நிலத்துக்கென ஒரு பொதுத் தரவேட்டை உலகறியத் திறந்து வைத்துச் சென்றிருக்க வேண்டாமா? நம் நில அளவையாளர்களும் பொறியியலாளர்களும் விவசாய உத்தியோகத்தர்களும் விரிவுரையாளர்களும் வைத்திருக்கும் வரைபடங்கள் அவரவர் கணினிக்குள்ளேயே உறங்குகின்றன. அரசு பூட்டினால் அநீதி, நாம் பூட்டினால் அடக்கமா?

ஆகவே நம் கோரிக்கை இது. காணி நிருணயம், சுவீகரிப்பு, வனம், வனசீவராசிகள், தொல்லியல், மகாவலி என எப்பெயரால் ஓர் எல்லை பிரகடனப்படுத்தப்பட்டாலும், அதே நாளில் அவ்வெல்லை திறந்த நியமப்படி இணையத்தில் வழங்கப்பட வேண்டும். வழங்கப்படும் நாளிலிருந்தே ஆட்சேபனைக்கான காலக்கெடு தொடங்க வேண்டும். ஊர்ப்பெயரும் குறிச்சிப்பெயரும் தமிழிலும் இருத்தல் வேண்டும். எல்லை மாற்றப்பட்டால் பழைய எல்லை அழிக்கப்படாது திகதியோடு பேணப்பட வேண்டும். நேற்று எங்கே இருந்ததென்று தெரியாவிடின் இன்று நகர்ந்ததென்று எவ்வாறு நிரூபிப்பது? தனியாரின் பெயரும் உறுதி விபரமும் அதில் இடம்பெறலாகாது, எல்லை போதும்.

அரசாங்கம் தானாகத் தரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. இலத்திரனியல் வடிவில் தகவல் பெறும் உரிமையையும் அது தருகிறது. ஊர்தோறும் படித்தவர் ஒருவர் முன்வந்து, தம் பிரதேசத்தின் பிரகடன எல்லைகளை ஆள்கூறுகளுடன் எழுத்திற் கேட்கட்டும். கமக்கார அமைப்புகள் அவருக்குப் பக்கபலமாக நிற்கட்டும். கிடைத்ததை எல்லாருக்கும் பொதுவில் திறந்து வைக்கட்டும்.

மூன்று மாதக் கெடு இன்னொரு முறை வாராதென்று எவரும் உறுதி கூற முடியாது. அது வரும்போது, தன் வேலி எங்கே, அரசின் கோடு எங்கே என்று கைவிரல் வைத்துக் காட்டக்கூடியவனாக நம் உழவன் நிற்க வேண்டும். நாம் கேட்பது சலுகையன்று. நம் நிலத்தின் அளவு. அதைத் தருவதற்கு அஞ்சுகின்ற அரசு எதற்கு அஞ்சுகிறதென்பதை மக்கள் அறிவார்கள்.