மாத்திரையைக் குறைப்பதில் அவசரம் வேண்டாம்



நம் ஆரணியில் தோளும் இடுப்பும் வலித்தால் "தறிக்குழியில் உட்கார்ந்த வலி" என்று தைலம் தேய்த்துவிடுகிறோம். 50 வயதுக்கு மேல் இரண்டு தோளும் சேர்ந்து பிடித்து, எழுந்து முக்கால் மணி நேரமாகியும் கையைத் தூக்க முடியாவிட்டால், அது பாலிமயால்ஜியா ருமேட்டிகாவாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டி ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பாருங்கள்.

எனக்கும் இதே நோய்தான். பிரெட்னிசோலோன் சில நாளிலேயே வலியை அடக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். "ஸ்டீராய்டு கெடுதல்" என்று யாரோ சொல்ல, சட்டென்று நிறுத்திவிடுகிறார்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட உடம்பு, தானே சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

10 மில்லிகிராமுக்கு வந்தபின் மாதம் 1 மில்லிகிராம் என்றுதான் பொதுவாகக் குறைப்பார்கள். வலி திரும்பினால் அது தோல்வியல்ல. டாக்டரிடம் சொல்லி முந்தைய அளவுக்கு ஏறி, மறுபடி மெதுவாக இறங்கலாம். பழைய சீட்டைக் காட்டி அதே அளவை வருடக்கணக்கில் விழுங்குவதும் தவறு. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

புதிய தலைவலி, மெல்லும்போது தாடைவலி, பார்வை மங்கல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதித்தால் பார்வையே போகலாம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, அப்பா அம்மாவிடம் இன்று போனில் கேளுங்கள்: "மாத்திரையை யார் சொல்லிக் குறைத்தீர்கள்?"