விழிஞ்சம்: கப்பல் வருது... ஊருக்கு என்ன வருது?

திருவனந்தபுரம் அருகே உள்ள விழிஞ்சம் துறைமுகத்தை 2025 மே 2-ல் பிரதமர் மோடி திறந்துவைத்தார். அடுத்த மாதமே உலகின் மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்றான எம்எஸ்சி இரினா அங்கே வந்து நின்றது.

ஏன் இந்த இடம்?

கரையோரமே 18 முதல் 20 மீட்டர் இயற்கை ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை சுமார் 10 கடல் மைல் தூரம்தான்.

இங்கே நடப்பது என்ன?

முக்கியமாக டிரான்ஷிப்மென்ட். பெரிய கப்பலில் வரும் பெட்டியை இறக்கி, சின்னக் கப்பலில் ஏற்றி வேறு துறைமுகத்துக்கு அனுப்புவது. இந்தியாவின் இந்த வகை சரக்கில் முக்கால்வாசி கொழும்பு, சிங்கப்பூர், போர்ட் கிளாங் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்கள் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வருமானம் இனி நம் பக்கம் திரும்பலாம்.

அப்புறம் என்ன சிக்கல்?

டிரான்ஷிப்மென்ட் பெட்டி துறைமுக கேட்டைத் தாண்டாது. லாரி, கிடங்கு, தொழிற்சாலை என வேலைவாய்ப்பு பெருக, சரக்கு ஊருக்குள் வந்து போகணும். அதற்கு நெடுஞ்சாலை இணைப்பும், பாலராமபுரம் வரை திட்டமிட்ட 10.7 கி.மீ. ரயில் பாதையும் தேவை. கடலரிப்பில் வீடு போகிறது என்று 2022-ல் 100 நாளுக்கு மேல் போராடிய மீனவர்களுக்கும் இதில் பங்கு இருக்கணும்.

அடுத்த முறை ‘இத்தனை லட்சம் கன்டெய்னர்’ என்று தலைப்பு வந்தால், அதில் கேட்டைத் தாண்டியது எத்தனைன்னு பாருங்க. ஊரின் வளர்ச்சியைச் சொல்லும் எண் அதுதான்.