கையிலே கட்டு; நெஞ்சிலே கல்!

கொலைகாரன் என்றால் முறுக்கு மீசையும் சிவந்த கண்களுமாக இருப்பான் என்று நினைக்கிறோம். சினிமா சொல்லிக் கொடுத்த பாடம் இது!

அமெரிக்காவின் டெட் பண்டி அழகன். மனநூல் படித்த பட்டதாரி (வேடிக்கைதான்!). 1974 ஜூலையில், கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, வாஷிங்டன் மாநிலத்து ஏரிக்கரை ஒன்றில் நின்றான். படகை இறக்க உதவும்படி பெண்களைக் கேட்டான். இரக்கப்பட்டுப் போன இருவர் திரும்பவே இல்லை.

'பைத்தியம்' என்று தள்ளிவிடலாமா? கூடாது. சித்தம் கலங்கியவனுக்கு நிஜம் எது, பிரமை எது என்று புரியாது. இவனுக்கோ எல்லாம் தெரியும். மனம்தான் உறுத்தாது.

கனடா நிபுணர் ராபர்ட் ஹேர் 1960-களில் சிறைக் கைதிகளைச் சோதித்தார். எண்கள் ஒவ்வொன்றாக வரும். 8 வந்ததும் மின்சார அதிர்ச்சி! மற்றவர்களுக்கு அதற்கு முன்பே கை வியர்த்தது. இந்த ரகத்தாருக்கு வியர்வை மிகக் குறைவு. தூக்குக் கயிற்றைக் காட்டினால் எவனும் அடங்குவான் என்போர் இதைக் கவனிக்கவேண்டும்.

பண்டி 30 கொலைகளை ஒப்புக்கொண்டு, 1989-ல் மின்சார நாற்காலியில் மாண்டான். அவன் தந்திரத்தை மெச்சுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்த ஏரிக்கரையில் இருந்த வேறொரு பெண்ணைத்தான் மெச்சத் தோன்றுகிறது. அவனுடன் கார் வரை போனாள், படகைக் காணோம், திரும்பி நடந்துவிட்டாள். போலீசாருக்கு அவன் அடையாளம் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி.