கூடாரம் அடிக்கக் கூடாத மலை



தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஆண்டுதோறும் திருப்பலியில் நாம் கேட்கும் நற்செய்தியை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆண்டவர் தம் சீடர் மூவரை ஓர் உயர்ந்த மலைக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே மாட்சியோடு அவர்களுக்குக் காட்சி தருகிறார். இராயப்பருக்கோ அவ்விடத்தை விட்டு வர மனமில்லை. இங்கேயே மூன்று கூடாரங்கள் அமைத்துவிடலாமே என்று கேட்கிறார். அவருடைய ஆசை நிறைவேறவில்லை. எல்லாரும் மலையைவிட்டு இறங்கி, துன்புறும் மக்கள் காத்திருக்கும் சமவெளிக்கே வந்து சேருகிறார்கள்.

சிறுவயது முதல் இவ்வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம், "பாவம் இராயப்பர், ஓரிரவாவது தங்க விட்டிருக்கலாமே" என்று எண்ணியவன் நான். சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்தில், இமயமலையின் ஒரு மூலையில் நான் கண்ட ஒரு புல்வெளி என் எண்ணத்தை மாற்றியது.

டேராடூன் நகரில் பணிபுரியும் என் தம்பி மகன், "பெரியப்பா, ஒருமுறை வாருங்கள், இமயத்தைக் காட்டுகிறேன்" என்று பல நாளாக அழைத்துக்கொண்டிருந்தான். அவனோடு உத்தரகாசிக்குப் போனேன். கங்கையின் தாய் நதியாகிய பாகீரதி அந்நகரைத் தழுவி ஓடுகிறது. கங்கோத்ரிக்குச் செல்லும் யாத்திரிகர் அனைவரும் அவ்வழியே போகிறார்கள். 1991ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் இப்பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைகள் அசையாதவை என்று நாம் பாடுகிறோம். அங்கே வாழ்வோர் அப்படி எண்ணுவதில்லை.

உத்தரகாசியை அடுத்துள்ள பட்வாரி என்ற ஊரில் யாத்திரிகரின் பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்தோம். வளைந்து வளைந்து மேலேறும் ஒரு சிறு பாதை ரைத்தல் என்னும் சிற்றூரில் முடிகிறது. அவ்வூருக்கு மேலே இருப்பதுதான் தயாரா புக்யால். "புக்யால்" என்பது கட்வால் மக்களின் சொல். மரங்கள் வளரக்கூடிய எல்லைக்கு மேலே, என்றும் பனி உறையும் எல்லைக்குக் கீழே, இறைவன் விரித்து வைத்த பச்சைக் கம்பளங்களுக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் அது. தயாரா ஏறத்தாழ 28 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதன் தாழ்ந்த பகுதியே கடல் மட்டத்துக்கு மேல் 10,000 அடி உயரத்தில் இருக்கிறது. தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவின் உயரமோ 8,652 அடிதான்.

காலையில் ஏறத் தொடங்கினோம். வழிகாட்டியாக வந்தவர் ரைத்தலைச் சேர்ந்த முதியவர்; அறுபது வயதைக் கடந்தவர். என் தம்பி மகனின் முதுகில் ஒரு பெரிய மூட்டை. அதனுள் புதிதாக வாங்கிய கூடாரம் ஒன்று இருந்தது. புல்வெளியின் நடுவே அதை அடித்து, விண்மீன்களைப் பார்த்துக்கொண்டே இரவைக் கழிக்க வேண்டும் என்பது அவன் நெடுநாள் கனவு. உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே ஆசைதான்.

முதலில் கருவாலி மரக்காடு. இடையிடையே புரான்ஸ் மரங்கள். இளவேனிலில் செக்கச்செவேலென்று பூக்கும் இம்மரமே உத்தரகாண்ட மாநிலத்தின் மாநில மரம். நம் நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று வழங்குவது இதன் நெருங்கிய உறவுதான். ஏற ஏற மரங்கள் குட்டையாயின, பிறகு அரிதாயின, சட்டென்று மறைந்தன. கண்ணுக்கு எட்டியவரை புல்வெளி. அலை அலையாக ஏறியிறங்கும் மேடுகள். மழைக்காலத்தில் பூக்களால் நிறைந்திருந்த புல் அப்போது பழுப்பேறிப் பொன்னிறமாய் இருந்தது. வடக்கே நீலவானத்தில் பனிச்சிகரங்கள் வரிசையாய் நின்றன. குரங்கின் வால் என்று பொருள்படும் பந்தர்பூஞ்ச் சிகரத்தை முதியவர் சுட்டிக்காட்டினார். அதன் உயரம் 6,316 மீட்டர். நான் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டேன். அதற்குமேல் எனக்குச் செபம் வரவில்லை.

இராயப்பரின் ஆசை எங்களைப் பற்றிக்கொண்டது அந்நேரத்தில்தான். என் தம்பி மகன் ஓர் ஓடையருகே சமமான இடம் பார்த்து மூட்டையை இறக்கினான். முதியவர் தலையசைத்து மறுத்தார். "இங்கே தங்குவதில்லை. வெயில் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும்" என்றார். அவன் வாதாடினான். நானும், வெட்கத்தோடு இதை எழுதுகிறேன், "இன்னும் ஒரு நாள் கூலி சேர்த்துத் தருவதாகச் சொல்" என்றேன். அவன் மொழிபெயர்த்துச் சொன்னான்.

முதியவர் கோபப்படவில்லை. "ஐயா, நீங்கள் தரும் பணத்தை நான் ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன். நீங்கள் தோண்டும் குழியை இந்த மலை வைத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு, எங்களைச் சற்றுத் தொலைவு அழைத்துச் சென்றார்.

அங்கே புல்வெளியின் நடுவே காயம்பட்ட உடல்போல நீண்ட பள்ளம் ஒன்று கிடந்தது. முதலில் அது ஒற்றையடிப் பாதையாய் இருந்திருக்குமாம். பலரும் மிதித்ததால் புல்லின் வேர்ப்பின்னல் அறுந்தது. மழைநீரும் உருகிய பனிநீரும் அவ்வழியே பாய்ந்து மண்ணை அரித்தன. அவ்வளவு உயரத்தில் ஆண்டில் சில மாதங்களே புல் வளரும். மற்ற மாதங்களில் பனி மூடிக் கிடக்கும். ஆகவே மண் படிவதும் வேர் பிடிப்பதும் மிக மெதுவாகவே நடைபெறும். நம் வயலில் ஒரு பருவத்தில் மூடிவிடும் புண், அங்கே ஒரு தலைமுறைக்கும் ஆறாமல் கிடக்கலாம். அவ்வேர்ப்பின்னலோ பெரும்பணி செய்கிறது. மழையையும் பனிநீரையும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கீழேயுள்ள ஊற்றுகளுக்குச் சிறுகச் சிறுக விடுகிறது. மேலே புல் போனால் கீழே ஊரின் குடிநீர் போகும்.

அப்பள்ளத்தில் நான் கண்ட ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. அரிப்பைத் தடுக்கச் சில ஆண்டுகளுக்குமுன் வனத்துறையினர் மூங்கிலும் பைன் மரத்தின் உலர்ந்த ஊசியிலைகளும் கொண்டு சிறு தடுப்புகள் அமைத்து, நிலத்தின்மேல் நார்வலை விரித்திருக்கிறார்கள். அது தேங்காய் நார்! தென்னை வளராத அந்தக் குளிர்நாட்டில், கடற்கரை மரத்தின் நார் இமயமலையின் புண்ணுக்குக் கட்டுத்துணியாய்க் கிடந்தது. அதன் கண்களினூடே புல் துளிர்த்திருந்தது.

தென்னாட்டுக்கும் அம்மலைக்கும் வேறோர் உறவும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கடுகுரோகிணி, அதிவிடயம், சடாமாஞ்சில் என்று கேட்டு வாங்குகிறோம் அல்லவா? அவையெல்லாம் இமயத்தின் இத்தகைய உயர்ந்த சரிவுகளில் வளரும் செடிகளின் வேர்களும் கிழங்குகளுமே. காணாத மலைக்கு நாம் நீண்டகாலமாகக் கடன்பட்டிருக்கிறோம்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உத்தரகாண்ட உயர் நீதிமன்றம், சமோலி மாவட்டத்துப் புல்வெளிகளைப் பற்றிய ஒரு வழக்கில், மாநிலத்தின் புக்யால்களில் யாரும் இரவு தங்கலாகாது என்றும், அங்குச் செல்வோர் 200 பேருக்கு மேற்படலாகாது என்றும் ஆணையிட்டது. மலையேற்றத்துக்கு வருவோரை நம்பிப் பிழைக்கும் இளைஞர்களுக்கு அது எளிதான ஆணையன்று. சமையல் செய்வோர், சுமை தூக்குவோர், கோவேறு கழுதை வைத்திருப்போர் பலர் வருவாய் இழந்தனர். எங்கள் முதியவரின் மகனும் அத்தொழில் செய்தவனே. ஆயினும் அவர் எங்கள் கூலியை மறுத்தார்.

என் தம்பி மகன் விடவில்லை. "கோடை முழுவதும் உங்கள் மாடுகள் இங்கே தங்குகின்றனவே! உங்களுக்கும் குடிசைகள் இருக்கின்றனவே!" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். முதியவர் சிரித்துக்கொண்டே, "மாடு புல்லின் நுனியைத்தான் தின்னும், தம்பி. அதுவும் அளவுமீறினால் கேடுதான். பனி வருமுன் நாங்களும் மாடுகளும் இறங்கிவிடுவோம். அதன்பிறகு மலைக்கு ஓய்வு. இறங்குமுன் நன்றியும் சொல்லிவிட்டுத்தான் வருவோம்" என்றார்.

அவர் குறிப்பிட்டது ஆகஸ்டு மாத நடுவில் அவர்கள் கொண்டாடும் "அந்தூடி" என்னும் விழா. கோடையெல்லாம் தங்கள் கால்நடைகளைக் காத்து, பால் பெருகச் செய்த இயற்கைக்கு, ரைத்தல் மக்கள் பாலும் மோரும் வெண்ணெயும் படைக்கிறார்கள். பின்பு ஒருவர் முகத்தில் ஒருவர் வெண்ணெய் பூசி, மோரை வாரியிறைத்து ஆடிப்பாடி மகிழ்கிறார்கள். அவர்கள் வழிபாட்டு முறை வேறு. நம் விசுவாசம் வேறு. ஆனால் பெற்றதன் முதற்பங்கை நன்றியாகக் கொடுத்துவிட்டு இறங்கும் பழக்கத்தை நாம் அவர்களிடம் கற்கலாம். பழைய ஏற்பாட்டு மக்களுக்கு இறைவன் ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு கொடுக்கக் கட்டளையிட்டார் அல்லவா? அக்கட்டளையைப் படித்தறியாத ஆயர்கள், ஆண்டுதோறும் தங்கள் மலைக்கு ஓய்வளிக்கிறார்கள்.

மாலையில் இறங்கினோம். அன்றிரவு முதியவரின் இல்லத்திலேயே தங்கினோம். அவருடைய மருமகள் மண்டுவா ரொட்டி சுட்டு, நெய் தடவிக் கொடுத்தாள். உண்டு பார்த்தேன், நம் கேழ்வரகேதான்! தங்கியதற்குரிய பணத்தை அவ்வீட்டார் முறையாகப் பெற்றுக்கொண்டனர். மேலே நான் இலஞ்சம்போல் நீட்டிய பணம் கீழே நேர்மையான வருவாயாயிற்று. என் தம்பி மகனின் கூடாரமும் வீணாகவில்லை. வீட்டு முற்றத்தில் அதை விரித்தான். பேரக்குழந்தைகள் மூவர் அதனுள் புகுந்து, இரவு நெடுநேரம் வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

திண்ணையில் அமர்ந்து செபமாலை சொல்லும்போது இராயப்பர் என் நினைவுக்கு வந்தார். கண்ட அழகைத் தனக்கென்று வைத்துக்கொள்ள விரும்புவது மனித இயல்பு. ஆண்டவர் அதற்கு இசையாதது இரக்கமின்மையால் அன்று. தரிசனம் மலைமேல் கிடைக்கும். அதைக்கொண்டு வாழவேண்டிய இடம் கீழே, மனிதர் நடுவில். கூடாரத்தை அங்கே அடித்தால் மலையும் கெடும், நாமும் கெடுவோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட "இறைவா உமக்கே புகழ்" என்னும் சுற்றுமடலில், பூமியை நம் பொது இல்லம் என்று அழைத்தார். இல்லத்தில் நம் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம்? விருந்தினராகப் போகும் வீட்டில் பொருள்களைத் தொடாதே, சிந்தாதே, விடைபெறும்போது நன்றி சொல் என்று கற்பிக்கிறோம். அதே ஒழுக்கத்தை மலைக்கும் கடலுக்கும் அழைத்துச் செல்லும்போது ஏன் மறந்துவிடுகிறோம்? பங்கிலிருந்து பேருந்து பிடித்துத் திருத்தலங்களுக்குப் போகிறோம். வழியில் மலையோரம் சமைத்து உண்கிறோம். நாம் எழுந்து வந்தபின் அவ்விடம் எப்படிக் கிடக்கிறது என்று ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்ததுண்டா?

பெற்றோரே, இம்மாதம் ஒரு நாள் இரவுச் செபம் முடிந்தபின் உங்கள் பிள்ளைகளுக்கு அந்த முதியவர் சொன்னதைச் சொல்லுங்கள். பணத்தை நாம் கொண்டுபோய்விடுவோம்; குழியை மலை வைத்துக்கொள்ளும். அடுத்த பயணத்துக்கு மூட்டை கட்டும்போது, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பழைய சாக்கையும் அதில் வைக்கச் சொல்லுங்கள்.