கோட்பாடு வீண்சுமையல்ல

கணினி விஞ்ஞானப் பட்டப்படிப்பில் கோட்பாடு எதற்கு, செயலி செய்யக் கற்றுக்கொடுத்தால் போதாதா என்கிறார்கள். போதாது.

புத்தளம் கரையோரத்தில் கற்பிட்டி முதல் உடப்பு வரை 10 மீன்வாடிகளுக்கு ஐஸ் கொண்டுபோகும் லொறிக்கு மிகக் குறுகிய சுற்றுவழி தேடுவோம். போகக்கூடிய வரிசைகள் 36,28,800. கணினி சட்டென்று பார்த்துவிடும். வாடிகள் 15 ஆனால் வரிசைகள் 1,30,000 கோடியைத் தாண்டும். விலைகூடிய கணினி வாங்கினாலும், இன்னும் சில வாடிகள் சேர்ந்தால் அதுவும் திணறும். ஏன் என்று விளக்குவதும் மாற்றுவழி காட்டுவதும் கோட்பாடே.

கருவிகள் மறையும், கோட்பாடு நிலைக்கும். ஃபிளாஷ் மென்பொருளுக்கு அதன் நிறுவனமான அடோபி 2020இல் முடிவு கட்டியது. ஆனால் 1956இல் கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா கண்ட குறும்பாதை வழிமுறை இன்றும் பயன்படுகிறது.

பிள்ளைகள் வேலைக்காகத்தான் படிக்கிறார்கள், மறுக்கவில்லை. முதல் வேலைக்குக் கருவியறிவு போதும். வாழ்நாள் தொழிலுக்கு அடிப்படை வேண்டும். அதைப் புத்தளம் கரையோரப் பிள்ளைகளுக்கு மறுப்பது அநீதி.